வரிசை வீட்டுப் பம்பும் நான் செய்யாத வாஷரும்

எனக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. துறைமுகத்தில் பாரச் சங்கிலி அறுந்து முகத்தில் பட்டது என்று கேட்பவர்களிடமெல்லாம் வெகுகாலம் சொல்லிவந்தேன். கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும். ஆனால் உண்மையில் அந்தப் பல் ஒரு கைப்பம்பால் போனது. அதுவும் நானே கழற்றி, நானே பூட்டி, இனிப் பத்து வருஷத்துக்கு இதைப்பற்றிப் பேச்சே கிடையாது என்று நானே மார்தட்டிய பம்பால்.

மகாயுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நான் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். நீராவிக் கிரேன்களுக்கு வைத்தியம் பார்ப்பது என் வேலை. தண்டையார்பேட்டையில் ஒரு கம்பெனி கட்டிவிட்ட வரிசை வீடுகளில் குடியிருந்தோம். எதிரும் புதிருமாக இருபது வீடு, நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு கிணறு. கிழக்கே நாலு தெரு நடந்தால் கடல். ஆகையால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்கள் கிணறு மட்டும் என்ன புண்ணியமோ, இளநீர் மாதிரி இருக்கும்.

கொசு உற்பத்தியாகிறதென்று ஒரு நாள் சானிடரி இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றை மூடச் சொன்னார். கம்பெனிக்காரர்கள் மேலே சிமென்டுப் பலகை போட்டு மூடி, சீமையிலிருந்து வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் வந்த ஒரு பம்பை நிறுத்தினார்கள். வெளியே தெரிவது நீண்ட கைப்பிடியும் மூக்கும்தான். உண்மையான பம்பு கிணற்றின் அடியில், தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். அங்கே ஒரு பித்தளை சிலிண்டர். அதற்குள் ஏறி இறங்கும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் கிண்ணம் போல மடித்த இரண்டு தோல் வாஷர்கள். மேலே கைப்பிடியை அழுத்தினால், கீழே அந்தத் தோல் விரிந்து சிலிண்டரின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு தண்ணீரைத் தூக்கும். ஆக மொத்தம் இருபது வீட்டுச் சோறும் குழம்பும் உள்ளங்கை அகலத் தோலை நம்பியிருந்தது.

மூன்றாம் வருஷம் அந்தத் தோல் தேய்ந்தது. நூறு தரம் அடித்தால் அரைக்குடம் வந்தது. கம்பெனி ஓவர்சியர் வந்து பார்த்துவிட்டு, பட்டணத்திலிருந்து பம்பு ரிப்பேர்க்காரரை வரவழைக்கிறேன் என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். "அதெல்லாம் எதுக்கு சார், நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றேன். முப்பது டன் தூக்கும் கிரேனையே பிரித்துப் பூட்டுகிறவனுக்கு ஒரு கைப்பம்பு எம்மாத்திரம் என்ற நினைப்பு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் எனக்கு அந்த நாளிலேயே நல்ல பயிற்சி உண்டு.

இந்த இடத்தில் இன்னொருத்தியைச் சொல்ல வேண்டும். வரிசை வீடுகளுக்குப் பின்னால், சாக்கடையைத் தாண்டி, சில குடிசைகள் இருந்தன. அங்கே இருந்து ஒரு பெண் தினமும் விடியும்போது குடத்தோடு வருவாள். முப்பது வயது இருக்கும். மேற்கே தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் வேலை செய்தாள். பௌர்ணமி தோறும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, பெரம்பூர்ப் பக்கம் அவர்கள் ஜனங்கள் கூடும் பௌத்தக் கூடத்துக்குப் போவாள். குடிசைக்காரர்கள் எங்கள் பம்பைத் தொடக் கூடாது. அது எழுதிவைக்காத சட்டம். குடத்தை மூக்கின் கீழே வைத்துவிட்டு சாக்கடை ஓரமாகப் போய் நிற்க வேண்டும். எங்களில் யாருக்காவது மனசு வந்தால் நாலு அடி அடித்துவிடுவோம். மனசு வராவிட்டால் அவள் நின்றுகொண்டே இருப்பாள். தோல் ஷாப்பில் சங்கு ஊதியதும் கேட்டை மூடிவிடுவார்கள். பிந்திப் போனால் அன்றைக்கு வேலை கிடையாது. அவள் அப்படித் திரும்பி வந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பம்பைப் பிரிக்கிற அன்று முற்றத்தில் திருவிழாக் கூட்டம். மூன்று சவுக்குக் கழிகளை நட்டு, கப்பி கட்டி, நாலு பேர் கயிற்றைப் பிடிக்க, குழாயை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். கடைசியில் சிலிண்டர் பாசியோடு வந்தது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த பாக்கிங் கயிற்றை எடுத்தேன். அது நீராவி எஞ்சினுக்குச் சுற்றுவது. கரிய கிராஃபைட்டும் மாட்டுக் கொழுப்பும் தோய்த்த சணல். எஞ்சினுக்கு நல்லது பம்புக்கு ஆகாதா என்று தோலை வீசிவிட்டு அதைச் சுற்றினேன்.

தண்ணீர் வந்தது. என்னமாக வந்தது! ஆனால் அன்றைக்கு இருபது வீட்டிலும் சாம்பல் நிறத்தில் சோறு வடித்தார்கள். ரசத்தில் நெய் விடாமலே நெய் மிதந்தது. கோடி வீட்டில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா இருந்தார். வரிசை வீடுகளுக்கு அவர்தான் பெரிய மனிதர். துவைத்து உலர்த்திய அவருடைய மல் வேட்டியில் மேகம் மேகமாகக் கறுப்பு. வேட்டியை என் வீட்டு வாசலில் பிரித்துப் பிடித்துக் காட்டினார். "இன்னாப்பா ஃபிட்டரு, இத்த கட்டிகினு நான் ஆபீசுக்குப் போறதா, இல்ல கரி மூட்டை தூக்கப் போறதா?" என்றார். அந்த மசகில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. அவர் சுத்த சைவம்.

மறுபடி கழி நட்டு, கப்பி கட்டினோம். இந்த முறை பட்டறையில் தேய்ந்து கழித்துப்போட்ட எஞ்சின் பெல்ட்டிலிருந்து தோல் வெட்டினேன். விரல் தடிப்பு, கெட்டியோ கெட்டி. நீராவி பிஸ்டனைப் பொருத்துகிற அதே கைதானே, மயிரிழைகூட இடம் விடாமல் இறுக்கமாகப் பொருத்தினேன். காலையில் தண்ணீர் பளிங்கு மாதிரி கொட்டியது. எல்லோரும் பார்க்கக் கிணற்றுத் திண்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மத்தியானம் கைப்பிடி கனத்தது. சாயங்காலம் அசையவே இல்லை. இரண்டு ஆள் தொங்கிப் பார்த்தார்கள். தள்ளுங்கள், இதெல்லாம் ஒரு நுணுக்கம் என்று நான் குனிந்து கைப்பிடியைத் தோளால் முட்டினேன். கீழே ஏதோ விட்டுக்கொடுத்தது. கைப்பிடி விசையோடு எழும்பி என் வாயில் விழுந்தது. சங்கிலிக் கதையின் உண்மை இவ்வளவுதான்.

வாயில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்கத் தெரியாத கூட்டம் மெல்லக் கலைந்தது. சாக்கடை ஓரத்தில் காலிக் குடத்தோடு அந்தப் பெண் மட்டும் நின்றிருந்தாள்.

"நைனா, அது பெல்ட்டு தோலு" என்றாள். "தண்ணில ஊறிச்சின்னா வீங்கிக்கும். உள்ள போயி கவ்விக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" பல் இல்லாத வாயிலிருந்து அது வேறு மாதிரி வந்தது.

"எங்க ஷாப்புல இதே பம்பு ஏழு கீது. தோல் ஊறப்போடுற தொட்டிக்கெல்லாம் அதுதான். அதுக்கு வாசரு போடறது நானுதான். எருமைத் தோலுல முதுகுப் பக்கமா எடுக்கணும். ஆவாரம்பட்டைல பதம் பண்ணது. அச்சுல வச்சி அழுத்தணும், வெட்டுனா போதாது."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக இவள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பம்பைப்பற்றி எங்கள் இருபது வீட்டில் ஒருவனுக்கும் தெரியாதது இவளுக்குத் தெரியும் என்பது என் மண்டையில் ஏற நேரமாயிற்று.

மறுநாள் யாரும் பார்க்காதபடி சாக்கடையைத் தாண்டிப் போனேன். சிலிண்டரின் உள்ளளவைச் சொன்னேன். அவள் எனக்கு வேலை வைத்தாள். ஒரு இரும்பு வளையம், அதற்குள் போகிற மாதிரி ஒரு குமிழ், வளையத்துக்கும் குமிழுக்கும் நடுவில் தோலின் தடிப்பளவு இடைவெளி, இப்படி ஒரு அச்சு வேண்டும் என்றாள். பட்டறை லேத்தில் கடைந்து கொடுத்தேன். ஊறவைத்த தோலை அவள் அதில் வைத்துத் திருகி மூன்று நாள் விட்டாள். நாலாம் நாள் எடுத்தபோது, தோல் கவிழ்த்துவைத்த கிண்ணம் போல வந்திருந்தது. விளிம்பை ஒரே இழுப்பில் சீவினாள். இளஞ்சூட்டில் விளக்கெண்ணெய் குடிக்கவைத்தாள்.

"காஞ்சிருக்கச்சொல்லோ லூசாதான் இருக்கணும். நகத்து தடிப்பு எடம் வுடு. மீதிய தண்ணி பாத்துக்கும்."

"என்ன கூலி வேணும், சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் விளிம்புச் சீவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காசு வேணா. கைப்பிடிய நானே அடிச்சிக்கணும். விடிகாலைல ஒரு கொடம். யாருக்காவும் நிக்காம."

"அவ்வளவுதானே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். என்னவோ அந்தப் பம்பு என் பாட்டன் சொத்து மாதிரி. "என் பம்பு, நான் சொன்னா சொன்னதுதான். நாளைக்கே வந்து அடி."

அன்று சாயங்காலம் பூட்டி முடித்தோம். தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பம்புக்குக் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். எனக்கு ஒரு மாலை. தலைகால் புரியவில்லை. குமாஸ்தா என் முதுகில் தட்டி, "இந்தத் தோலு சீமைத் தோலையே தூக்கி அடிச்சிடும்போல கீதே. எங்க புடிச்சே?" என்றார்.

"நானே செஞ்சேன்" என்றேன்.

யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மாலையின் வாசனை மூக்கில் ஏறியிருந்தது, அவ்வளவுதான். வாசற்படியில் நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சாக்கடையைத் தாண்டிப் போய்வந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடியும்போது அந்தப் பெண் வந்தாள். குடத்தை வைத்தாள். சாக்கடை ஓரம் போகாமல் கைப்பிடியில் கை வைத்தாள். எதிர் வீட்டு அம்மாள் போட்ட சத்தத்தில் இருபது கதவும் திறந்தது. குமாஸ்தா மேல்துண்டு இல்லாமலே ஓடிவந்தார்.

"மேஸ்திரி சொல்லிகிறாரு" என்றாள் அவள், என்னைக் காட்டி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் வேப்பங்குச்சி. அதை எடுக்க ஆன நேரத்தில் எனக்கு ஒரு அபாரமான யோசனை தோன்றியது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். சிரித்துக்கொண்டே போய், "நீ கையை எடும்மா. நான் அடிச்சுக் குடுக்கிறேன். தினம் நானே அடிச்சுக் குடுக்கிறேன்" என்றேன். குமாஸ்தாவுக்கும் கோபம் தணிந்தது. எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் புல்லரித்தது. இரண்டு பக்கமும் மனம் கோணாமல் காரியத்தை முடித்துவிட்டேன் அல்லவா.

அவள் கையை எடுத்தாள். நான் நாலு அடி அடித்தேன். குடத்தில் கால்பாகம் நிறைந்ததும் அவள் அதைத் தூக்கி, தண்ணீரைச் சாய்த்துவிட்டு, காலிக் குடத்தோடு நடந்தாள். அதன் பிறகு அவள் எங்கள் முற்றத்துக்கு வரவே இல்லை. அரை மைல் தள்ளி இருந்த கார்ப்பரேஷன் குழாயடிக்குப் போனாள்.

பம்பு ஜோராக ஓடியது. வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்: "தண்ணி நல்லாத்தான் வருது. செஞ்சவ வாய்க்குத்தான் ஒரு சொட்டு போகல." நான் மோரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் போனது. அடுத்த கோடையில் வாஷர் தேய்ந்தது. நான் கலங்கவில்லை. அச்சைப் போன வருஷமே அவளிடமிருந்து திரும்ப வாங்கிவைத்திருந்தேன். எருமைத் தோல் வாங்கிவந்து நானே அழுத்தினேன். முதல் தோல் மடிப்பில் வெடித்தது. இரண்டாவது, அச்சை விட்டு எடுத்ததும் அப்பளம் மாதிரி நிமிர்ந்துகொண்டது. மூன்றாவது பம்புக்குள் போய் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. நாலு நாள் முற்றத்தில் தண்ணீர் இல்லை. சித்திரை வெயில். என் மனைவி அப்போது நிறை கர்ப்பிணி. அந்த வயிற்றோடு அரை மைல் நடந்து கார்ப்பரேஷன் குழாயடியில் நின்றாள். அந்தப் பெண்ணும் அங்கேதான் நிற்பாள். நாலு நாளும் இவள் குடத்தை அவள்தான் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாளாம்.

நாலாம் நாள் மனைவி குடத்தை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "போயி கேளுங்க. கேக்க வாய் இல்லன்னா சொல்லுங்க, நான் போறேன்."

போனேன். அந்தப் பெண் தன் குடிசை வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வெடித்த தோல், நிமிர்ந்த தோல், என் மனைவியின் வயிறு, எல்லாம். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பதிலாக, "இந்தத் தடவை கட்டாயம்" என்றேன்.

"இந்த வாட்டி நானே எட்தாரேன்" என்றாள். "அல்லாரும் இருக்கச்சொல்லோ, கெணத்தாண்ட வந்து குடுக்கறேன். நீ பூட்டு. மொதக் கொடம் நான் அடிப்பேன். யாரு செஞ்சதுன்னு நீ உன் வாயால சொல்லணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."

முடியும் என்று சொல்லி, அச்சை அவளிடம் கொடுத்தேன். அடுத்த நாலு நாள் பட்டறையில் கிரேனுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே ஒரு பிரசங்கம் தயார் செய்தேன். நியாயம், மனிதத்தன்மை, எல்லாம் அதில் இருந்தது. கேட்டால் கல்லும் கரையும்.

ஐந்தாம் நாள் விடியற்காலை. குழாய்களை வெளியே எடுத்து அடுக்கியிருந்தோம். இருபது வீட்டுக் குடங்களும் வரிசையில் நின்றன. அவள் வந்தாள். வாஷர்கள் அவள் குடத்துக்குள் இருந்தன. நேராக வந்து கிணற்றுப் பலகையின் மேல் குடத்தை வைத்து, இரண்டையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இன்னா ஃபிட்டரு, இது இன்னா கூத்து?" என்றார் குமாஸ்தா.

பிரசங்கத்தின் முதல் வரி எனக்கு மறந்துபோயிற்று. இரண்டாம் வரியும்.

"வாஷர் இவங்க செஞ்சது" என்றேன்.

"எது?"

"இது. போன வருஷம் போட்டதும் இவங்கதான். எனக்குச் செய்யத் தெரியாது. நான் பொய் சொன்னேன்."

என் பிரசங்கம் முழுவதும் அவ்வளவுதான். எதிர் வீட்டு அம்மாள் மண்ணில் துப்பினாள். ஒரு வருஷமாகவா, ஒரு வருஷமாகவா என்று குமாஸ்தா கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல சீமையிலேர்ந்து பொட்டில வந்துச்சே சாமி, அதுவும் தோலுதான். அத்த அறுத்தது யாருன்னு கேட்டீங்களா?"

அது சீமை என்றார் குமாஸ்தா. தன் வீட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் பின்னால் பதினான்கு குடம் போயிற்று. கயிறு பிடித்த நாலு பேரில் இரண்டு பேர் போனார்கள். மிச்சம் இருந்த இரண்டு பேரோடு நான் குழாயை இறக்கிப் பூட்டினேன். ஒரு மறையை இரண்டு தரம் தப்பாகத் திருகினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டி முடித்ததும் அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். குழாய் காலி. தண்ணீர் மேலே வர முப்பது அடியாவது அடிக்க வேண்டும். வெறும் கைப்பிடி கிறீச்சிடும் சத்தம்தான். பத்து, இருபது. என் மானம் முழுக்க அந்தக் குழாய்க்குள் இருந்தது. பிறகு கீழே ஒரு இழுப்பு, ஒரு கனைப்பு. அவள் குடத்தில் தண்ணீர் விழுந்தது. நிறையும்வரை அவள் தலை நிமிரவில்லை.

அவள் குடத்தை எடுத்ததும் என் மனைவி தன் குடத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தாள். நான் அவசரமாகக் கைப்பிடிக்குப் போனேன். "நீங்க போங்க, கேட்டு மூடிடுவாங்க. நான் அடிக்கிறேன்" என்றேன் அந்தப் பெண்ணிடம். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு அடித்துக் கொடுக்கத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அவள் கைப்பிடியை விடவில்லை. "நீ நவுரு மேஸ்திரி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் மனைவியிடம், "நேரா வை அக்கா, நான் அடிக்கிறேன்" என்றாள்.

என் மனைவியின் குடம் நிறைந்தது. பின்னால் நின்ற நாலு வீட்டுக் குடங்களையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லி, அவளே அடித்து நிரப்பினாள். மேற்கே தோல் ஷாப்புச் சங்கு இரண்டாவது குடத்தின்போதே ஊதிவிட்டது. எல்லோர் காதிலும் விழுந்தது. அவள் அடிப்பதை நிறுத்தவில்லை.